அடினோமயோசிஸ் இருந்தால் குழந்தை குறைமாதத்தில்தான் பிறக்குமா?

கேள்வி: “எனக்கு வயது 32. இப்போது 9 வாரக் கர்ப்பம். கர்ப்பப்பையில் அடினோமயோசிஸ் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. தேடிப் படித்தால் குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு, பிபி என்று ஒரே பயமாக இருக்கிறது. பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டுமா? இதே பிரச்சினையோடு குழந்தை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.”

படுக்கை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். படுத்தே கிடந்தால் குறைமாதப் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, காலில் ரத்தம் உறைவது, தசை வலு குறைவது, மனம் சோர்ந்துபோவது எல்லாம் அதனால் வரலாம். உங்கள் டாக்டர் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி, இத்தனை நாள் என்று ஓய்வெடுக்கச் சொன்னால் அது வேறு. அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களே என்று ஏழு மாதம் கட்டிலோடு கிடக்க வேண்டியதில்லை.

நான் டாக்டர் இல்லை. எனக்கும் அடினோமயோசிஸ் உண்டு. கர்ப்பப்பையின் பின்சுவர் முழுக்கப் பரவிய வகை. என் மகள் 34-ஆம் வாரத்தில் பிறந்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆகவே “குறைமாதத்தில் பிறக்குமா” என்று கேட்டால் எனக்குப் பிறந்தது, உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்த நோயோடு மாதம் நிறைந்து பெற்றவர்களும் நிறைய.

ஒவ்வொரு மாதமும் வளர்ந்து உதிர வேண்டிய உட்படலத் திசு, சுவரில் ஈரம் இறங்குவதுபோல கர்ப்பப்பையின் தசைக்குள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடுவதுதான் இந்த நோய். தசை தடித்துவிடும், கர்ப்பப்பை உருண்டையாகப் பெருத்துவிடும். ஒரு காலத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்து, அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் இது இருந்ததே தெரியும். அதனால் கர்ப்பத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் தெளிவானபின் முப்பது வயதுக்காரர்களிடமும் கண்டுபிடிக்கிறார்கள். இந்த விஷயத்தில் பழைய அனுபவக் கதைகள் அதிகம் இல்லாததற்கும் அதுதான் காரணம். நம் பாட்டிமாருக்கும் இருந்திருக்கும், பெயர்தான் இல்லை.

சரி, இது கர்ப்பத்தை எப்படித் தொந்தரவு செய்கிறது? எனக்குப் புரிந்தவரை இரண்டு வழி. முதலாவது, தசைக்குள் மாட்டிக்கொண்ட அந்தத் திசு அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி இருக்கும் இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடுதலாகச் சுரக்கும். மாதவிடாய் வலிக்கும் பிரசவ வலிக்கும் பின்னால் இருப்பது இதேதான். கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருக்க வேண்டிய புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கு இந்தத் திசு சரியாகக் கட்டுப்படுவதும் இல்லை. ஆக, சுருங்காமல் இருக்க வேண்டிய தசை முன்னதாகவே சுருங்கத் தொடங்கலாம், பனிக்குடம் வலி வருமுன்பே உடையலாம்.

இரண்டாவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டும்போது, தசையின் உள்பகுதியில் இருக்கும் சுருள் ரத்தக்குழாய்கள் அகன்று, தளர்ந்து, குழந்தைக்குத் தாராளமாக ரத்தம் விடும்படி மாற வேண்டும். அடினோமயோசிஸ் கெடுப்பதே தசையின் அந்த உள்பகுதியைத்தான். குழாய்கள் சரியாக மாறாவிட்டால் பிற்பாடு தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், குழந்தை வயிற்றுக்குள் சரியாக எடை கூடாமல் போகலாம். அந்த நிலையில் வலியே வராவிட்டாலும், தாயையும் குழந்தையையும் காப்பாற்ற டாக்டரே சீக்கிரம் பிரசவம் செய்ய வேண்டி வரும். குறைமாதப் பிரசவம் என்று நாம் எண்ணுவதில் இதுவும் சேர்த்தி.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம், உங்களைப் பயமுறுத்தியது அதுதானே. தைவானில் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடினோமயோசிஸ் இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. 2018-இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், இந்த நோய் இருந்த 49 பேரில் சுமார் நான்கில் ஒருவருக்குக் குறைமாதத்தில் பிறந்தது. நோய் இல்லாத 245 பேரில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. நான்காம், ஐந்தாம் மாதக் கருச்சிதைவும், ரத்த அழுத்தமும், நஞ்சு கீழே இறங்கி இருப்பதும் அந்த 49 பேரிடம் அதிகமாகவே இருந்தன. இதைப் படித்துவிட்டு நானும் தூங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் 49 என்பது சின்னக் கூட்டம். பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்கிறவர்கள் ஏற்கெனவே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். அதோடு, இந்த நோய் இருப்பவர்களில் பலர் முப்பத்தைந்தைக் கடந்தவர்கள், ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்கள். அவை இரண்டும் தனியாகவே ஆபத்தைக் கூட்டும். ஓரிடத்தில் கட்டிபோல் இருக்கும் வகையைவிடத் தசை முழுக்கப் பரவிய வகையில் சிக்கல் கூடுதல் என்றும் சொல்கிறார்கள். எனவே ரிப்போர்ட்டில் நோய்ப் பெயரை மட்டும் பார்க்காமல், பரவியதா ஓரிடத்திலா, எந்தச் சுவரில், எவ்வளவு தடிமன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. முதல் வேலை, உங்கள் கர்ப்பகால ஃபைலின் முதல் பக்கத்தில் “அடினோமயோசிஸ், ஆபத்து அதிகம்” என்று எழுதச் சொல்லுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பெரும்பாலான டாக்டர்களுக்கு இது மாதவிடாய்ப் பிரச்சினை; கர்ப்பமானதும் ரத்தப்போக்கும் வலியும் நின்றுவிடுவதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு ஸ்கேனில் “சின்ன ஃபைப்ராய்டு (சாதாரணத் தசைக்கட்டி), பரவாயில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருந்ததால்தான் அடுத்த முறை பேச்சு மாறியது.

12-ஆம் வாரத்துக்குள் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். ரத்த அழுத்தச் சிக்கல் வரக்கூடியவர்கள் என்று கணித்த பெண்களுக்கு, 2017-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினம் இரவு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் செய்ய வேண்டிய அளவுக்குப் போகும் பிரீஎக்லாம்ப்சியா (மேலே சொன்ன, பிபி ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நிலை) பாதிக்கு மேல் குறைந்தது. 16-ஆம் வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வெறும் அடினோமயோசிஸ் என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. வயது, எடை, முதல் கர்ப்பமா, ஐ.வி.எஃப்.பா, பிபி எவ்வளவு என்று எல்லாம் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். நீங்களாகத் தொடங்காதீர்கள்.

மாத்திரைப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்றவர்கள் பலர் கைப்பையில் வலி மாத்திரையாக மெஃபனமிக் அமிலமோ இபுப்ரோஃபெனோ வைத்திருப்போம், வருடக்கணக்கான பழக்கம். கர்ப்பத்தில் அதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். இன்னும் தள்ளிப்போனால் குழந்தையின் இதயத்துக்கு அருகே பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால்தான் தருவார்கள்.

18-ஆம் வாரத்திலிருந்து 24-ஆம் வாரம் வரை கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது, பிறப்புறுப்பு வழியாகப் பார்த்தால்தான் சரியான அளவு கிடைக்கும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தினம் இரவு உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தருவார்கள். முன்பு குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, நான்கு ஐந்து மாதத்தில் கரு கலைந்திருந்தாலோ கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது பற்றியும் பேசுவார்கள். எனக்கு நீளம் குறைந்துகொண்டே வந்தது, மாத்திரை வைத்தேன், 34 வரை போனது. மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது என்றால் உடனே கலங்க வேண்டாம். கர்ப்பப்பை பெருக்கப் பெருக்கப் பலருக்கு அது மேலே போய்விடும். 32-ஆம் வார வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். குழந்தையின் எடையையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்க மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான்.

எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்திருப்பது எல்லாவற்றையும்விட உதவும். வயிறு இறுகி இறுகித் தளர்வது, அதுவும் ஒரு கணக்காகத் திரும்பத் திரும்ப வருவது. இடுப்பில் விட்டுவிட்டு வலி. தண்ணீர்போலக் கசிவது, அது சிறுநீரா என்று சந்தேகமாக இருந்தாலும்கூட. ரத்தம். கீழே அழுத்துவதுபோன்ற உணர்வு. குழந்தையின் அசைவு குறைவது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. இதில் எதற்கும் காலைவரை காத்திருக்க வேண்டாம். எனக்குக் கசிவுதான், ஒரு கரண்டி அளவுகூட இருக்காது. இதற்கெல்லாமா போவது என்று சங்கடமாக இருந்தது, போனேன், பனிக்குடம் உடைந்திருந்தது.

சீக்கிரம் போவதால் பிரசவத்தை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பல சமயம் அது முடியாது. கிடைப்பது ஓரிரு நாள் அவகாசம். ஆனால் அந்த அவகாசம் பொன். 34 வாரத்துக்கு முன்பு என்றால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. அது குழந்தையின் நுரையீரலைப் பழுக்க வைக்கும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு டாக்டர்கள் 1972-இல் இதை நிரூபித்தார்கள். அதற்குப் பின் உயிர் பிழைத்த குறைமாதக் குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை. 32 வாரத்துக்கு முன்பு என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட்டும் ஏற்றுவார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையிலேயே பிரசவத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறந்தபிறகு குழந்தையை மாற்றுவதைவிட, வயிற்றுக்குள் இருக்கும்போதே போய்ச் சேர்வது எவ்வளவோ பாதுகாப்பு.

34 வாரக் குழந்தை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். சின்னதாக, தூங்கிக்கொண்டே. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமை அப்போதுதான் வர ஆரம்பிக்கும் என்பதால் முதலில் குழாய் வழியே பால். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. உடம்புச்சூடு நிற்காது, அதற்கு நம் மார்பின் மேல் வெறும் தோலோடு படுக்க வைப்பதுதான் மருந்து. அந்த வார்டில் கழிந்த நாட்களைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது.

அபூர்வமாக நடக்கும் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்ப்பத்தில் அடினோமயோசிஸ் பகுதிக்கு ரத்தம் போதாமல் திசு அழிந்து, ஓரிடத்தில் கடும் வலியும் காய்ச்சலும் வரலாம். பனிக்குடத்தில் தொற்று வந்ததுபோலவே இருக்கும். பார்க்கும் டாக்டருக்கு உங்கள் நோய் தெரிந்திருந்தால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தோன்றும். அப்புறம், நீங்கள் எழுதவில்லை, ஆனால் அடினோமயோசிஸ் பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை முன்பு செய்திருந்தால் கதையே வேறு. தழும்பு விழுந்த தசை பின்மாதங்களில் கிழியும் ஆபத்து உண்டு. அந்த ஆப்பரேஷன் குறிப்பை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்யத் திட்டமிடுவார்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு இன்னொன்று. குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை நன்றாக இறுகினால்தான் ரத்தம் நிற்கும், நம் தசைக்கு அது சில சமயம் கஷ்டம். ஊசியும் மருந்தும் தயாராக இருக்கும், அது அவர்கள் பாடு. உங்கள் பாடு ஹீமோகுளோபின். வருடக்கணக்கில் அதிக ரத்தப்போக்கோடு இருந்தவர்கள் இரும்புச்சத்து வற்றிய உடம்போடுதான் கர்ப்பத்துக்குள் வருகிறோம். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் மூன்று மாதம் முடிந்த பிறகு நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், ஆஸ்பிரின் இந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வாருங்கள். கர்ப்பப்பை வாய் ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.