குப்பைமேனி: தோலுக்குச் சரி, வயிற்றுக்கு வேண்டாம்

கொல்லையில் முளைத்திருப்பது குப்பைமேனியா, குப்பைக்கீரையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இளஞ்செடியாக இருக்கும்போது குழப்பம் வரத்தான் செய்யும். கதிர் விடும்வரை பொறுங்கள். இலைக்கணுவிலிருந்து நிமிர்ந்து கிளம்பும் கதிரில், ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்ட சின்னச் சின்னப் பச்சைக் கிண்ணங்கள் தெரிந்தால் அது குப்பைமேனி. பெண்பூவும் பிறகு காயும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும். கீரைக் கதிரில் இது கிடையாது. கீரை இலையின் ஓரம் வழவழவென்றிருக்கும், குப்பைமேனியில் பல் வெட்டு உண்டு.

எந்த இடத்தில் பறிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சாக்கடை ஓரம், தண்டவாள ஓரம், களைக்கொல்லி அடித்த வரப்பு, மூன்றும் ஆகாது.

சொறிக்கு இலையை உப்பு வைத்து அரைத்துப் பூசினேன். எரிச்சல் தாங்க முடியவில்லை. அளவு தப்பா?

பெரும்பாலும் உப்புதான் காரணம். சொறிந்து சொறிந்து தோல் கீறியிருக்கும் இடத்தில் கல் உப்பு பட்டால் எரியாமல் என்ன செய்யும்? ஒரு கைப்பிடி இலைக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போதும். உப்பு, தோல் கிழியாத இடத்துக்கு மட்டும், அதுவும் ஒரு சிட்டிகை. தண்ணீர் அதிகம் விடாமல் மைய அரைத்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசு அளவு தடவி, மறுநாள்வரை பாருங்கள். சிவந்து தடித்தால் உங்கள் தோலுக்கு இந்த இலை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், விட்டுவிடுங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் அரிப்புள்ள இடத்தில் பூசி, 20 நிமிடத்தில் வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். இறுகிக் காயும்வரை விடக் கூடாது. காய்ந்த பற்றை உரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். அரைத்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும், மறுநாள் புளித்த வாடை வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரிப்பு இரவில் கூடுகிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்புப் பகுதியில் சின்னக் கொப்புளங்கள் உண்டா? வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா? அப்படியானால் அது தோலுக்குள் துளைத்து முட்டையிடும் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கு இந்தப் பற்றை மட்டும் நம்பினால் மாதக்கணக்கில் இழுக்கும். மருத்துவரிடம் காட்டி, 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எப்படிப் பூசுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போர்வை, தலையணை உறைகளை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததை ஒரு வாரம் பையில் கட்டி வையுங்கள். ஒருவர் மட்டும் பூசினால், பக்கத்தில் படுப்பவரிடமிருந்து திரும்ப ஒட்டும்.

குப்பைமேனித் தைலம் காய்ச்சினேன், பத்தே நாளில் பூஞ்சை பூத்துவிட்டது. ஏன்?

சாற்றின் ஈரம் முழுதாகச் சுண்டுவதற்குள் இறக்கியிருப்பீர்கள்.

தேங்காய் எண்ணெய் 200 மி.லி., வடிகட்டிய இலைச்சாறு 200 மி.லி., சம அளவு. இந்த இலை சாறு அதிகம் விடாது, அரைக் கிலோவாவது பறித்து, தண்ணீர் தெளித்து அரைத்துப் பிழிய வேண்டியிருக்கும். பாத்திரம் அடிகனமாகவும், ஊற்றும் அளவைப்போல் மூன்று மடங்கு கொள்ளக்கூடியதாகவும் இருக்கட்டும், பொங்கி வரும். இரண்டையும் ஆறிய நிலையிலேயே கலந்து அடுப்பில் ஏற்றுங்கள். காய்ந்த எண்ணெயில் சாற்றை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கடைசிவரை சிறுதீ, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே.

முதலில் சளசளவென்று கொதிக்கும். நீர் வற்ற வற்ற அந்தச் சத்தம் அடங்கும். அப்போது அடியில் உள்ள கசண்டைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, ஆறவிட்டு, விரலில் உருட்டுங்கள். மெழுகுபோலத் திரண்டு கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்ச நேரம். மணல்போல நறநறவென்று உதிர்ந்தால் பதம். சந்தேகமிருந்தால் அந்தக் கசண்டைத் திரியில் தடவிக் கொளுத்துங்கள். சடசடத்தால் ஈரம் பாக்கி. கருகல் வாடை வந்துவிட்டால் பதம் தாண்டிவிட்டது, மீட்க வழியில்லை. பதத்துக்கு ஒரு நொடி முன்னால் இறக்குவதே நல்லது, பாத்திரத்தின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

துணியில் வடித்து, முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து எண்ணெயில் சொட்டும், பூஞ்சைக்கு அதுவே போதும். மூட்டுவலிக்கும் தோல் அரிப்புக்கும் மேலே தேய்க்கலாம். புண்ணில் வேண்டாம்.

முகத்து முடி உதிர, குப்பைமேனிப் பொடியும் கஸ்தூரி மஞ்சளும் பூசலாமா?

பூசலாம், முடி நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய்ந்த பற்றைத் தேய்த்து எடுக்கும்போது பூனைமுடி சிக்கி வரும், வேர்க்கால் அப்படியேதான் இருக்கும். திடீரென மீசை, தாடைப்பக்கம் முடி கூடி, மாதவிடாயும் தள்ளிப்போனால் ஹார்மோன் பரிசோதனைதான் தேவை.

குழந்தைக்குச் சளி கட்டியிருக்கிறது. இலைச்சாறு ஒரு சங்கு கொடுத்தால் வாந்தியில் வந்துவிடும் என்கிறார் மாமியார். கொடுக்கட்டுமா?

கொடுக்காதீர்கள். சாறு வாந்தியைக் கிளப்பும் என்பது உண்மை, பழைய மருத்துவத்தில் அதற்காகவே கொடுத்தார்கள். ஆனால் மூச்சுத் திணறும் குழந்தை வாந்தி எடுக்கையில் அது நுரையீரலுக்குள் போனால் சளியைவிடப் பெரிய ஆபத்து.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் சொல்வதே இல்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியை உள்ளுக்குச் சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். இலங்கையில் 1990களில், இந்த இலை சேர்த்த மூலிகைக் கஞ்சி குடித்தவர்களுக்கு அப்படி நடந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மலேரியாவுக்குப் பிரைமாக்குவின் கொடுக்கும் முன் பரிசோதிக்கிறார்களே, அதே குறைபாடுதான். ஆண்பிள்ளைகளுக்கே அதிகம் வரும், இப்படி எதையாவது சாப்பிடும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் அடுத்த சில நாள்கள் கவனியுங்கள்: சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, உதடு நீலமாவது, மூச்சு வாங்குவது. ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. என்ன கொடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள், செடியையும் கையோடு எடுத்துப் போங்கள். மாமியாரிடம் நாங்கள் சொன்னதாகவே சொல்லிக்கொள்ளலாம்.

படுக்கைப்புண்ணில் பொடி தூவலாமா?

கூடாது. வீட்டில் உலர்த்திய பொடியில் மண்ணும் கிருமியும் இருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம்.

களை பிடுங்கிப் போட்டால் தெருப்பூனை வந்து வேரில் புரளுகிறது. இது என்ன கூத்து?

புதிதாகப் பிடுங்கிய வேரின் வாடை பல பூனைகளுக்கு மயக்கம் தரும். பூனைவணங்கி என்று இதற்குப் பெயரே உண்டு. மருந்துக்கு வேண்டுமென்றால் வேரோடு பிடுங்காமல் இலையை மட்டும் கிள்ளுங்கள். பூனையும் வராது, செடியும் திரும்பத் தழைக்கும்.