பொத்தானை அழுத்தினால் யார் வருவார்கள்?

கேள்வி: மீன்பிடிப் படகுகளுக்கு மத்திய அரசு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) பொருத்துகிறதே, இனி ஒக்கிப் புயல் போல் ஒரு துயரம் நடக்காது என்று நம்பலாமா? (குளச்சல் வாசகர்)

பதில்: பாதிக்கு நம்பலாம். மீதிக்குக் கொஞ்சம் வம்பு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம் இது. 364 கோடி ரூபாய், ஒரு லட்சம் படகுகள், இஸ்ரோ உருவாக்கிய கருவி. இதற்கு முன் கொடுத்த ஜெமினி போன்ற கருவிகளில் கரையிலிருந்து செய்தி வரும், படகிலிருந்து பதில் போகாது. இதில் போகும். செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். படகில் வைத்திருக்கும் விஎச்எஃப் ரேடியோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அதற்கும் அப்பால் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிற குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைக்காரர்களுக்கு, ஆபத்து என்று செயற்கைக்கோள் வழியாக ஒரு வரி சொல்ல முடிவதே பெரிய காரியம்.

ஆனால் ஒக்கியில் நடந்தது என்ன? 2017 நவம்பர் 30 நண்பகல் வாக்கில்தான் ‘புயல்’ என்ற சொல் வானிலைத் துறையின் எச்சரிக்கையில் வந்தது. அதற்குள் உங்கள் மாவட்டத்தில் மரங்கள் சாய ஆரம்பித்துவிட்டன. முந்தின நாள் வந்த ‘கடலுக்குப் போக வேண்டாம்’ அறிவிப்பு, அதற்கும் பல நாள் முன்பே போய்விட்டவர்களை எப்படி எட்டும்? இந்தக் கோளாறைக் கருவி சரிசெய்யும், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கோளாறு கரையில் இருந்தது. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்பதில் ஊர் சொன்ன கணக்கு ஒன்று, அரசு சொன்ன கணக்கு வேறொன்று. தேடுதல் போதாது என்று திருவனந்தபுரம் பூந்துறைக்காரர்கள் தாங்களே படகெடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான்: போய்த் தேடுங்கள். அவர்கள் கருவி கேட்கவில்லை. இப்போது படகில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார், சரி. ராத்திரி இரண்டு மணிக்கு, கரையில் அந்தச் செய்தி வந்து விழும் திரைக்கு முன்னால் விழித்திருப்பவர் யார்? அவர் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் கப்பல் கிளம்பும்? இந்தத் திட்டத்தில் நான் தேடும் எண் அதுதான். பொருத்திய பெட்டிகளின் எண்ணிக்கை அல்ல.

பெட்டி கொடுப்பது சுலபம், போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட்டும் அப்படிக் கொடுத்ததுதான். உச்சி வெயிலில் வலை இழுக்கிறவர் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது; கொக்கி எங்காவது வலையில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். படகில் அது தலையணையாகக் கிடந்தால் மீனவரைத் திட்டாதீர்கள், தைத்தவரைக் கேளுங்கள்.

அப்புறம், சாவு எப்போதும் ஆழ்கடலில்தான் காத்திருக்கிறதா? உங்கள் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தைப் பாருங்கள். மணல் சேர்ந்து ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடைகிறது. பத்திரமாகத் திரும்பி வந்த வள்ளம், கரையில் நிற்பவர்களின் முகம் தெரிகிற தூரத்தில் கவிழ்கிறது. கேரளத்தின் முதலப்பொழியிலும் இதே கதை. அங்கே செயற்கைக்கோளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மணலை அள்ள வேண்டும், அலைத்தடுப்புச் சுவரைச் சரியாக நீட்ட வேண்டும். கோடிகள் அங்கேயும் வேண்டும், ஆனால் அதற்கு ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்று பெயர் வைக்க முடியாதே!

குளச்சல்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் மணல் அள்ளும் டிரெட்ஜர் எப்போது வரும் என்று எழுந்து கேளுங்கள். தேதியோடு பதில் சொன்னால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.