தத்துவக் கப்பல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1922-ல் லெனின் ரஷ்யத் தத்துவவாதிகளை ஒரே இரவில் பிடித்து, ஒரு கப்பலில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார் என்று ஓர் உரையில் கேட்டேன். 1909-ல் புரட்சிகர அறிவுஜீவிகளைக் கண்டித்துக் கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டவர்கள் இவர்கள்தானாம். அந்தக் கணக்கை லெனின் தீர்த்துக்கொண்டார் என்றார் பேசியவர். “ஸ்டாலின் காலமென்றால் சுட்டிருப்பார்கள், அதனால் இது கருணைதான்” என்றும் சொன்னார். இது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கப்பல் ஒன்றல்ல. 1922 செப்டம்பர் 29 அன்று பெத்ரோகிராதிலிருந்து (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ‘ஓபர்பர்கமைஸ்டர் ஹாக்கன்’ என்ற ஜெர்மன் கப்பல் புறப்பட்டது. பெர்தியாயெவ், ஃபிராங்க், இலியின், ஒசோர்கின் அதில் போனார்கள். நவம்பர் 16-ல் ‘பிரொய்சன்’ என்ற கப்பல் லோஸ்கி, கர்சாவின், லாப்ஷின் ஆகியோரைக் கொண்டுபோனது. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் அப்போது ஜெர்மனியில் இருந்த ஷ்டெட்டின் துறைமுகம். சமூகவியலாளர் சொரோகின் ரயிலில் போனார். செர்கேய் புல்காகவ் (நாவலாசிரியர் மிகயீல் அல்ல, இறையியலாளர்) கிரிமியாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பப்பட்டார்.

‘தத்துவக் கப்பல்’ என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்புகிறது. பட்டியலில் தத்துவவாதிகள் ஒரு பகுதிதான். மருத்துவர்கள், வேளாண் வல்லுநர்கள், கூட்டுறவு இயக்கத்தவர், பொருளியலாளர்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். வேளாண் வல்லுநரின் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் உண்மையான காரணம் பிடிபடும். 1921 பஞ்சத்தின்போது அரசைச் சாராதவர்களும் சேர்ந்து ஒரு நிவாரணக் குழு அமைத்தார்கள். அதை ஜூலையில் அனுமதித்த அரசே ஆகஸ்டில் கலைத்தது. குழுவின் தூண்களான புரகபோவிச், குஸ்கோவா தம்பதியர் மறு ஆண்டு வெளியேற்றப்பட்டார்கள். 1922 மேயில் மருத்துவர்கள் மாநாடு கூட்டித் தங்கள் அமைப்பின் சுதந்திரத்தைப் பேசினார்கள். சுகாதார அமைச்சர் செமாஷ்கோ உடனே லெனினுக்குப் புகார் எழுதினார். கட்சிக்கு வெளியே தானாகக் கூடும் எந்த அமைப்பும் இருக்கக்கூடாது என்பதுதான் விஷயம்.

வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். 1922 மே 19-ல் லெனின் ரகசியப் போலீஸ் தலைவர் ஜெர்ஜின்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் உறுப்பினர்கள் வாரத்துக்கு 2, 3 மணிநேரம் ஒதுக்கிப் பத்திரிகைகளையும் நூல்களையும் படித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். ‘எகனாமிஸ்ட்’ என்ற ரஷ்ய இதழின் மூன்றாம் எண் அட்டையில் எழுத்தாளர் பட்டியல் அச்சாகியிருந்தது. அவர்களில் அநேகமாக எல்லோரும் வெளியேற்றத் தகுந்தவர்கள் என்று அதிலேயே எழுதுகிறார். ஓர் இதழ் தன் அட்டையில் பெருமையோடு போட்ட பெயர்கள் அப்படியே நாடுகடத்தல் பட்டியலாகின்றன!

ஆகஸ்ட் 10-ல் ஆணை வந்தது. நீதிமன்றம் தேவையில்லை, ஒரு சிறப்புக் குழுவே நிர்வாக முறையில் வெளியேற்றலாம், 3 ஆண்டு வரை. 16-ஆம் தேதி இரவு கைதுகள் தொடங்கின. விசாரணையில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான்: சோவியத் அரசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், பேராசிரியர்கள் வேலைநிறுத்தத்தைப் பற்றி என்ன, புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி என்ன. நீ என்ன செய்தாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கடைசியில், அனுமதியின்றித் திரும்பினால் சுடப்படுவேன் என்பதை அறிவேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து. ஆணையில் இருந்த 3 ஆண்டுக் கெடு நடைமுறையில் ஆயுளாகிவிட்டது. கையோடு கொண்டுபோக அனுமதித்தவை: குளிர்காலக் கோட்டு 1, கோடைக் கோட்டு 1, ஒரு சூட்டு, சட்டையும் உள்ளாடையும் இரண்டிரண்டு, காலுறை 2 ஜோடி. திருமண மோதிரம் போகலாம், கழுத்துச் சிலுவை கூடாது.

அந்த 1909 தொகுப்பின் பெயர் ‘வெஹி’, வழிக்குறிகள் என்று பொருள். எழுதியவர்கள் ஏழு பேர். அவர்களில் பெர்தியாயெவ், ஃபிராங்க், புல்காகவ், இஸ்கோயெவ் ஆகிய நால்வர் வெளியேற்றப்பட்டார்கள். லெனின் அந்த நூலை வெறுத்தார் என்பதும் உண்மை. ஆனால் பட்டியலில் பெரும்பாலோருக்கு வெஹியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வெஹியில் நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது கிஸ்த்யகோவ்ஸ்கியின் கட்டுரை. பெர்தியாயெவின் புகழில் அவர் மறைந்துபோனார், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ரஷ்ய அறிவுஜீவிகள் சட்டத்தை ஒருபோதும் மதித்ததில்லை, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும் கருவியாகவே பார்த்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சான்றாக 1903-ல் ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மார்க்சியத் தலைவர் பிளெகானவ் பேசியதைக் காட்டுகிறார்: புரட்சியின் வெற்றியே தலையாய சட்டம், அதற்காகப் பொது வாக்குரிமையைக் கட்டுப்படுத்தலாம், பாராளுமன்றம் பாதகமாக அமைந்தால் அதைக் கலைக்கவும் முயலலாம். 1918 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபை ஒரே நாள் கூடிக் கலைக்கப்பட்டது. 1922-ல் வழக்கே இல்லாமல் வெளியேற்றம். அதைப் பார்க்க கிஸ்த்யகோவ்ஸ்கி இல்லை, 1920-லேயே இறந்துவிட்டார்.

கருணை என்ற வாதம் புதிதல்ல. லெனினின் சக தலைவர் ட்ராட்ஸ்கியே அப்போது அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயிஸ் பிரயண்ட்டிடம் அதைச் சொன்னார்: போர் மூண்டால் இவர்களைச் சுட வேண்டிவரும், அதனால் முன்கூட்டியே அனுப்புகிறோம், இது மனிதாபிமானம். போனவர்கள் பிழைத்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குற்றமே சாட்டாமல் ஒருவரைச் சுடுவதா அனுப்புவதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கர்சாவின் லித்துவேனியாவில் பேராசிரியரானார். அந்த நாட்டைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டபின் 1949-ல் கைதாகி, 1952-ல் அபேஸ் என்ற சோவியத் சிறைமுகாமில் இறந்தார். பட்டியலில் தத்துவவாதி குஸ்தாவ் ஷ்பெத் பெயரும் இருந்தது. நாட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று அவர் கல்வி அமைச்சர் லுனச்சார்ஸ்கியிடம் முறையிட்டு, பெயரை நீக்கவைத்து, மாஸ்கோவிலேயே தங்கினார். 1937 நவம்பர் 16 அன்று தோம்ஸ்கில் அவரைச் சுட்டார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியதும் நீதிமன்றம் அல்ல, ரகசியப் போலீசின் மூவர் குழு.