கிளவுடுக்கு மாற்றியதும் ஸ்டாக் ரிப்போர்ட் ஏன் இழுக்கிறது?

ஸ்டாக் ரிப்போர்ட் மெதுவானதற்குச் சர்வரைப் பெரிதாக்காதீர்கள், பணம்தான் வீண். பில்லிங் மென்பொருளை மும்பை கிளவுடுக்கு ஏற்றிவிட்டு, டேட்டாபேஸைக் கோவை ஆபீஸிலேயே விட்டிருக்கிறீர்கள் அல்லவா? 3 நொடியில் வந்த ரிப்போர்ட் 1 நிமிடம் தாண்டுவதற்கு அந்தத் தூரம்தான் காரணமாக இருக்கும்.

பழைய மென்பொருள்கள் பல, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்கும். ஒரே அறைக்குள் போய்வர 1 மில்லிசெகண்ட்கூட ஆகாது. விபிஎன் (இணையத்தின் மேல் ஆபீஸையும் கிளவுடையும் இணைக்கும் தனிப்பாதை) வழியாக 30 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள்; 2,000 கேள்விக்கு 60 நொடி போயிற்று. இணைய வேகத்தை 500 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் போய்வரும் இந்த நேரம் குறையாது.

உறுதிசெய்ய:
1. கிளவுட் சர்வரிலிருந்து ஆபீஸ் டேட்டாபேஸுக்கு பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டு நேரத்தைக் குறியுங்கள்.
2. உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், அதன் ஜெனரல் லாகை (வரும் கேள்விகளை எல்லாம் எழுதிவைக்கும் பதிவு) ஆன் செய்து அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை ஓட்டி, எத்தனை கேள்வி போகிறது என்று எண்ணுங்கள். உடனே ஆஃப் செய்துவிடுங்கள், டிஸ்க் நிரம்பிவிடும்.

இரண்டையும் பெருக்கினால் ஒரு நிமிடத்தை ஒட்டி வந்தால் சந்தேகமே இல்லை, டேட்டாபேஸையும் மும்பைக்கே கொண்டுபோங்கள். பெருக்குத்தொகை சில நொடிதான் என்றால் நான் சொன்னது பொருந்தாது. இண்டெக்ஸ் (டேட்டாபேஸில் தேடலை விரைவாக்கும் அட்டவணை) பக்கம் பாருங்கள்.

மாற்றும்போது பேக்கப்பை ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள். அப்புறம், 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்) கெடு இருக்கும் வாரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள், ஆடிட்டர் விடமாட்டார்.