அவநம்பிக்கைக்குப் பரிந்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உளவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதற்குமுன் உளச்சமூகக் கோட்பாட்டைப் படித்துவிட எண்ணம். பிறப்பு முதல் முதுமை வரையிலான வாழ்வை உளவியலாளர் எரிக் எரிக்சன் பிரித்த எட்டுக் கட்டங்களையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். இது போதுமா, மூலநூலையும் படிக்க வேண்டுமா? ஃப்ராய்டிலிருந்து தொடங்குவதா? எனக்கு வயது 26. பதின்பருவத்தில் 'நான் யார்' என்று அடையாளம் தேடும் ஐந்தாம் கட்டத்தையே தாண்டாதவன் என்று தோன்றுகிறது. இந்த நிலையில் மேற்படிப்புக்குப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஃப்ராய்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1950இல் வந்த 'குழந்தைப் பருவமும் சமூகமும்' நூலில் எட்டுக் கட்டங்களைப் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. 'தாண்டாதவன்' என்கிறீர்களே, யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது?

அந்த அட்டவணைதான் சொல்லியிருக்கும். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது. பார்த்தவுடன் தேர்ச்சி, தோல்வி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இப்படிப் படிப்பதன்மேல் எனக்கு வெகுநாள் கோபம். எரிக்சனுக்கே அது உவப்பாக இல்லை. கட்டங்களைச் சாதனைப் பட்டியலாக்காதீர்கள் என்று பின்னாளில் எச்சரித்தார். முதல் கட்டம் நம்பிக்கையும் அவநம்பிக்கையும். குழந்தைக்கு நம்பிக்கையும் வேண்டும், அவநம்பிக்கையும் வேண்டும். எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்பதுதான் பேச்சு. யார் கூப்பிட்டாலும் போகிற குழந்தை முதல் கட்டத்தில் முழு மதிப்பெண் வாங்கிய குழந்தையா? ஆபத்தில் இருக்கும் குழந்தை. மூன்றாம் கட்டம் முனைப்பும் குற்றவுணர்வும். குற்றவுணர்வு துளியும் இல்லாத முனைப்பு என்னவாகும்? அப்படிப்பட்ட மேலதிகாரி ஒருவரையாவது பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டத்தின் சிக்கல் அதோடு முடிந்துபோவதுமில்லை. பிற்காலத்தில் வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

நான் படித்த காலத்தில், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் படிக்க வந்த அக்கா ஒருவர் வகுப்பில் இருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் அட்டவணையைப் போட்டதும் எழுந்து, "அஞ்சாவதை விட்டுட்டு ஆறு, ஏழுன்னு வாழ்ந்துட்டேன் சார். இப்ப திரும்பி வந்து எழுதலாமா?" என்றார். ஆறு என்பது நெருக்கம், ஏழு என்பது அடுத்த தலைமுறையை வளர்ப்பது. வகுப்பு சிரித்தது. "இது தேர்வுக்கு வராது, உட்காருங்க" என்றார் ஆசிரியர். பெண்களுக்கு அடையாளமும் நெருக்கமும் இப்படி வரிசையாக வருவதில்லை என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் வந்த தன் நூலில் எழுதியிருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றும் ஆறவில்லை.

எரிக்சனையே பாருங்கள். பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அறியாதவர். இளமையில் படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் அலைந்தார். வியன்னாவில் ஃப்ராய்டின் மகள் ஆன்னா ஃப்ராய்டிடம் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலே பிற்காலத்தில் ஹார்வர்டில் பேராசிரியரானார். 1939இல் அமெரிக்கக் குடிமகனானபோதுதான் எரிக்சன் என்ற பெயரை வைத்துக்கொண்டார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. உங்கள் அட்டவணைப்படி அவரும் தாண்டாதவர்தான். இப்படித் தேடி அலையும் காலத்தை அவர் மொரட்டோரியம் என்றார், இளைஞருக்குச் சமூகம் கொடுக்கும் தவணை. தேடாமலே, பெரியவர்கள் கைகாட்டியதில் உறுதியாக நின்றுவிட்டவர்களை உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் தனி வகையாகவே பிரித்தார். முதுகலை வகுப்புகளில் அவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் கூசாதீர்கள்.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். அங்கே உங்களை வாட்டப்போவது எரிக்சன் அல்ல, புள்ளியியல். மனப்பாடம் செய்த நேரத்தை அதற்குக் கொடுத்திருக்கலாம்.