தினமும் 170 கிலோமீட்டர்: கனடாவில் ஹைப்ரிட் கார் கட்டுப்படியாகுமா?

மாயவரத்துத் தம்பிக்கு,

நீங்கள் கேட்டிருந்தது இது. கிச்சனரில் பேஸ்மென்ட் வாடகை, மிசிசாகாவில் வேலை, போக 85, வர 85 கிலோமீட்டர், பெரும்பகுதி 401 நெடுஞ்சாலை. இப்போது ஓட்டுவது பழைய பெட்ரோல் கார். ஹைப்ரிட்டுக்கு மாறினால் மிச்சமாகுமா, குளிரைத் தாங்குமா, பேட்டரி போனால் என்ன கதி? ஊரில் மாயவரத்துக்கும் தஞ்சாவூருக்கும் தினம் போய்வரும் உங்கள் அண்ணனும் இதையே யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

மாறலாம். ஆனால் ஷோரூமில் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பிரேக் போடும்போது வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்து, மறுபடி கிளம்பும்போது திருப்பித் தருவதுதான் ஹைப்ரிட்டின் முக்கிய வேலை. 115 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கே தொடாமல் போகும் வண்டியில் சேர்க்க ஒன்றும் கிடையாது. அங்கே காற்றின் எதிர்ப்பைத் தள்ளுவது முழுக்க இன்ஜின்தான். அதனால் "நெடுந்தூரம் போகிறேன், ஹைப்ரிட் லாபம்" என்ற பேச்சு பாதிதான் சரி. எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதோடு, எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு வரும்.

டொயோட்டா கொரோலாவையே எடுத்துக்கொள்வோம், ஒரே வண்டி இரண்டு விதத்திலும் வருகிறது. 2 லிட்டர் பெட்ரோல் கொரோலாவின் அதிகாரபூர்வ அளவு 100 கிலோமீட்டருக்கு நகரில் 7.4 லிட்டர், நெடுஞ்சாலையில் 5.8. முன்சக்கர இழுவை ஹைப்ரிட்டில் நகரில் 4.4, நெடுஞ்சாலையில் 5.1. நகரில் குறைவாகவும் நெடுஞ்சாலையில் கூடுதலாகவும் குடிக்கிறது பாருங்கள், பெட்ரோல் வண்டிக்கு நேர்மாறு. ஆண்டுக்கு 240 வேலை நாள் என்றால் உங்கள் ஓட்டம் 40,800 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 1.40 டாலர் என்று வைத்தால், காலியான சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு மிச்சம் 400 டாலர். முழுக்க நெரிசலில் ஊர்கிறவருக்கு 1,700. இரண்டும் கலந்தால் (100 கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6.7 லிட்டர், ஹைப்ரிட்டில் 4.7) சுமார் 1,140. ஒரே தூரம், ஒரே வண்டி, நான்கு மடங்கு வித்தியாசம். இரண்டு மாடலுக்கும் விலையில் 2,000 டாலர் இடைவெளி என்றால், 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி சேர்த்து 2,260. அது திரும்பி வர முதல் ஆளுக்கு ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும், மூன்றாவது ஆளுக்கு இரண்டே ஆண்டு.

நீங்கள் எந்த ரகம் என்று தெரிய இப்போதைய காரே போதும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சராசரி வேகத்தைப் பாருங்கள். 85-க்கு மேல் என்றால் உங்களுடையது திறந்த சாலை, 60-க்குக் கீழே என்றால் நெரிசல். காலை 5 மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கும் 9 மணி அலுவலகத்துக்குப் போகிறவருக்கும் வழியில் வரும் மில்டன் ஊரைத் தாண்டியதும் 401 ஒரே சாலையாக இருக்காது. சராசரி 85-ஐத் தாண்டினால் அவசரப்படாதீர்கள். இருக்கிற வண்டி நன்றாக ஓடினால் 120-இல் போவதை 105-க்கு இறக்கினாலே செலவு இறங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, இதற்கு எந்தப் புது வண்டியும் வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் மேலே சொன்ன எண்கள் எதுவும் நிற்காது. 5 லிட்டர் என்பது ஜனவரியில் 6 அல்லது 6.5 ஆகும். குளிர்ந்த காற்று கனமானது, வின்டர் டயர் பிடித்து இழுக்கும், பேட்டரி குளிரில் மின்சாரத்தை மெல்லத்தான் வாங்கும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டிக்குள் சூடு வர இன்ஜின் ஓடியாக வேண்டும். நெரிசலில் நிற்கும்போது ஹீட்டரை 24-இல் வைத்தால் இன்ஜின் அணையவே அணையாது, ஹைப்ரிட்டுக்குக் கொடுத்த காசு அங்கே புகையாகப் போகும். 19, 20-இல் வைத்து இருக்கைச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் ஹைப்ரிட் வாங்கும்போது இந்த இரண்டும் உள்ள மாடலாகப் பாருங்கள், சன்ரூஃபுக்குக் காசு கொடுக்க வேண்டாம். டயர் காற்று ஒவ்வொரு 5, 6 டிகிரி இறக்கத்துக்கும் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். நவம்பரிலும் ஜனவரியிலும் மறுபடி அளந்து ஏற்ற வேண்டும். வின்டர் டயரைத் தனி ரிம்மில் மாட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் கூலி குறையும். உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் வின்டர் டயர் போட்டால் காப்பீட்டு நிறுவனம் தள்ளுபடி தந்தாக வேண்டும் என்பது 2016 முதல் விதி. நீங்களாகக் கேட்காவிட்டால் சிலர் போட மறந்துவிடுவார்கள்.

பெரிய பேட்டரியைப் பற்றி ஊரில் பயமுறுத்துவது போல இல்லை. 2020 மாடலிலிருந்து டொயோட்டா கனடாவில் ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 2,40,000 கிலோமீட்டர் வாரன்டி தருகிறது. இதில் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது, எது முன்னால் வருகிறதோ அதுதான் எல்லை. உங்கள் ஓட்டத்துக்கு 2,40,000 ஆறு ஆண்டுகூட வராது. விளம்பரத்தில் இருக்கும் "10 ஆண்டு" உங்களுக்கு இல்லை. இன்வெர்ட்டர் போன்ற மற்ற ஹைப்ரிட் பாகங்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000. அது நான்கே ஆண்டில் முடியும். அதற்காகப் பயப்பட வேண்டாம், டாக்சியாக ஓடிய ஹைப்ரிட்கள் இதைத் தாண்டியும் ஓடுகின்றன. ஆனால் கடன் ஏழு ஆண்டு, வாரன்டி ஆறு ஆண்டு என்று போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கடைசி ஆண்டில் பேட்டரி போனால் சில ஆயிரம் டாலரும் மாதத் தவணையும் சேர்ந்து வரும்.

பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. காற்றால் குளிர்விக்கும் மாடல்களில் அந்தக் காற்றை உறிஞ்சும் துளை பின் இருக்கையின் கீழேயோ பக்கத்திலோ இருக்கும். கம்பளிக் கோட்டைப் பின்னால் வீசினால், அரிசிப் பையை அங்கே முட்டுக்கொடுத்து வைத்தால், துளை அடைபடும். உள்ளே ஒரு வலை வடிகட்டி உண்டு, ஆண்டுக்கொரு முறை கழற்றித் தூசி எடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் கேட்காவிட்டால் பல இடங்களில் தொடுவதில்லை. இன்ஜின் ஆயில் மாற்றுவதில் கையேட்டில் இருக்கும் மாதத்தை மறந்துவிட்டுக் கிலோமீட்டரை மட்டும் பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்கு மாதக் கணக்கு எப்போதுமே பின்தங்கியிருக்கும். இந்த வண்டிகளில் தனி ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஃபேன் பெல்ட் கிடையாது, அந்தச் செலவெல்லாம் போச்சு. கியர்பெட்டி எண்ணெயை மட்டும் ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்றிவிடுவது நல்லது.

பிரேக் பட்டை நீண்ட நாள் வரும். ஆனால் இங்கே அதுவே தொல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க் சரியாக உரசுவதில்லை. சாலையில் கொட்டும் உப்பு ஏறித் துருப்பிடித்து, பட்டையை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகரும் பின்கள் இறுகிப்போகும். ஒரு பக்கப் பட்டை மட்டும் தேய்ந்து இரும்பைத் தொட்ட பிறகுதான் சத்தம் வரும். ஒவ்வொரு வசந்தத்திலும் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பு ஆண்டுக்கொரு முறை வேண்டும். தெளிக்கும் கடையில் வண்டி ஹைப்ரிட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆரஞ்சு நிற உயர்மின் கேபிள் இணைப்புகளில் எண்ணெய் படக்கூடாது. டீலரிடம் மாட்டித் தரும் மின்னணுத் துருத்தடுப்புப் பெட்டி என்னைக் கேட்டால் தண்டம்.

நான்கு சக்கர இழுவை பற்றி ஒரு வரி. 401-இல் பனியை உடனுக்குடன் தள்ளிவிடுவார்கள். நல்ல வின்டர் டயரோடு முன்சக்கர இழுவையே போதும். டொயோட்டாவின் பழைய ராவ்4 ஹைப்ரிட் பார்க்கிறீர்கள் என்றால், 2019-இல் வந்த தலைமுறையின் ஆரம்ப ஆண்டு வண்டிகளில் பின் மோட்டாருக்குப் போகும் கேபிளின் இணைப்பு உப்பால் அரிக்கப்படும் பிரச்சினை கனடாவில் பேர்போனது. நிறுவனம் வாரன்டியை நீட்டியது. வண்டி எண்ணைக் கொடுத்து டீலரிடம் நிலவரம் கேட்டு, தூக்கி நிறுத்தி அந்த இணைப்பில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பழைய வண்டியே வாங்கினால் 2010 முதல் 2015 வரையிலான பிரியஸ் மலிவாகக் கிடைக்கும். அதில் புகை மறுசுழற்சிக் குழாய் கரியால் அடைத்து, இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். அதைச் சுத்தம் செய்த ரசீது இல்லாமல் தொடாதீர்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது சில நொடி தடதடவென்று ஆடினால் அது அந்த நோயின் அடையாளம். அதனால் விற்பவர் "வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மறுநாள் காலை போங்கள். பேட்டரி கெட்டதைக் காட்டும் பி0ஏ80 குறியீட்டை விற்பதற்கு முன் அழித்துவிடுவதும் நடக்கிறது. டீலரிடம் ஹைப்ரிட் நலச் சோதனைக்குப் பணம் கட்டிப் பார்ப்பதுதான் வழி. வண்டியின் பழைய வரலாற்றைத் தரும் கார்ஃபாக்ஸ் கனடா அறிக்கை விபத்தைக் காட்டும், பேட்டரியைக் காட்டாது.

பலரும் அசட்டையாக விடுவது சின்ன 12 வோல்ட் பேட்டரியை. ஹைப்ரிட்டில் அது செத்தால் கணினிகள் விழிக்காது, பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டி கிளம்பாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்து வாரம் கழித்துத் திரும்புகிறவர்கள் விமான நிலையப் பார்க்கிங்கில் மாட்டிக்கொள்வது இதில்தான். போகுமுன் அதன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், அல்லது கையடக்க ஜம்ப் பூஸ்டர் ஒன்று வைத்திருங்கள். பூஸ்டரை டிக்கிக்குள் பூட்டி வைக்காதீர்கள். பேட்டரி செத்தால் டிக்கி பொத்தானும் வேலை செய்யாது. உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து அடுத்தவர் வண்டிக்கு ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம்.

காப்பீட்டில் தினசரி தூரத்தை உள்ளபடி சொல்லுங்கள். "ஒரு வழிக்கு 15 கிலோமீட்டர் என்று போட்டால் குறையும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். 401-இல் இடித்த அன்று கோரிக்கையை மறுக்க அதுவே போதும். லீஸ், அதாவது மாதத் தொகைக்கு எடுத்து ஓட்டித் திருப்பித் தருவது, உங்களுக்கு ஆகாது. லீஸில் பொதுவாகத் தரும் ஆண்டு அளவு 20,000, 24,000 கிலோமீட்டர். மீறினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்டம்.

மின்சாரக் காரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொந்த கராஜ் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இரவு 11 முதல் காலை 7 வரைக்கான மிகக் குறைந்த கட்டணத் திட்டத்தில் ஏற்றினால் ஹைப்ரிட் பக்கத்திலேயே வராது. பேஸ்மென்ட்டில் இருக்கும் வரை வீட்டுக்காரர் பிளக் தரமாட்டார். அதுவரைக்கும் ஹைப்ரிட்.

இனி அண்ணனுக்கு. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஹைப்ரிட்டுக்கு ஏற்ற சாலை உங்கள் 401 இல்லை, அவருடைய குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் சாலைதான். ஊருக்கு ஊர் கடைத்தெரு, மினி பஸ், வேகத்தடை, நாலு நிமிடத்துக்கு ஒரு பிரேக். அத்தனையும் பேட்டரிக்குப் போகும். கும்பகோணம் தாண்டி நான்கு வழியில் ஏறினால் அந்த மிச்சம் சுருங்கும். போக வர 150 கிலோமீட்டர், ஆண்டுக்கு 280 நாள் என்றால் 42,000. பெட்ரோல் எஸ்.யு.வி. லிட்டருக்கு 14 கொடுத்து ஹைப்ரிட் 21 கொடுத்தால் ஆயிரம் லிட்டர் மிச்சம், கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாய். மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டுக்கு நிறுவனம் சொல்லும் 27.97 மைலேஜைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அவர் ஏமாறக்கூடிய இடம் "ஸ்மார்ட் ஹைப்ரிட்" என்ற பெயர். அது பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார், வண்டியைத் தனியாக நகர்த்தாது. மோட்டார் மட்டுமே வண்டியை நகர்த்தக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்தானா என்று கேட்டு, கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹைகிராஸ், சிட்டி இ:எச்.இ.வி. இவற்றில் அந்த வகையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு ஹைப்ரிட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5. தமிழ்நாட்டில் மின்சாரக் காருக்கு அறிவித்த சாலை வரி விலக்கும் ஹைப்ரிட்டுக்கு இல்லை. சொந்த வீடு, போர்ட்டிகோ, தினம் 150 கிலோமீட்டர் என்னும்போது அவர் மின்சாரக் காரையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஹைப்ரிட்தான் என்றால் மூன்று விஷயம். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். இன்ஜின் பக்கம் ஒயரைக் கடித்தால் ஹைப்ரிட்டில் பழுது பார்க்கும் செலவு கூடுதல், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் ஏற்றினால் அது சூடான புகைக்குழாயில் சுற்றித் தீப்பிடிக்கும், எந்தக் காரானாலும் நிறுத்தி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு மேல் நின்றால் இறங்கக்கூடாது. நனைந்துவிட்டால் கிளப்பிப் பார்க்காமல் வண்டியைத் தூக்கிப் போகச் சொல்ல வேண்டும். உள்ளூர் ஷெட்டில் ஆயிலும் பிரேக்கும் பார்க்கலாம், ஆரஞ்சு கேபிளைத் தொட விடக்கூடாது.

சில மாடல்களில் பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி சுருங்கிவிடும். அண்ணன் முன்பணம் கட்டுமுன் அதைத் திறந்து பார்க்கட்டும். டெஸ்ட் டிரைவை ஷோரூம் சொல்லும் பைபாஸில் எடுக்காமல், காலை 9 மணிக்கு ஏ.சி. போட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மாயவரத்திலிருந்து ஆடுதுறை வரை போய் வரட்டும். திரையில் அப்போது காட்டும் மைலேஜைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.