பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறோம். என் கணவருக்கு வயது 38. முன்பு டிப்ரஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள், சரியானார். போன தை மாதம் ராத்தூக்கமே இல்லாமல் ஓயாமல் பேசிக்கொண்டு, வட்டிக்கு வாங்கி நாலு தறி புதிதாகப் போட்டார். இப்போது பைபோலார் என்று லித்தியம் தருகிறார்கள். பத்து நாளாகத் திரும்பவும் யாரோடும் பேசாமல் படுத்தே கிடக்கிறார். பழைய சீட்டைக் காட்டி அந்த டிப்ரஷன் மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கலாமா? வெயிலுக்கு லித்தியம் ஆகாது என்கிறார்களே?

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. பைபோலார் என்பது மனச்சோர்வும் அளவுமீறிய மனவெழுச்சியும் மாறி மாறி வரும் நோய். அது உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை நாமாகக் கொடுத்தால், சோர்விலிருந்து நேராக மனவெழுச்சிக்குத் தூக்கிவிடும் ஆபத்து உண்டு. சிலருக்கு டாக்டரே அதை எழுதுவதுண்டு. அப்போதும் லித்தியம் போன்ற மருந்தோடு சேர்த்து, கண்காணித்துத்தான் தருவார். லித்தியத்தின் அளவை மாற்றலாம், குவெட்டியாபைன், லமோட்ரிஜின் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன.

முதலில் பார்த்த டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் சோர்வாகத்தான் முதலில் தலைகாட்டும். உற்சாகம் கரைபுரளும்போது யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வீட்டிலும் 'ஆள் தேறிட்டார்' என்று சந்தோஷப்படுவார்கள். தை மாதத்தில் அவர் தூங்காமல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். கவலையில் தூக்கம் வராதவர் மறுநாள் அசந்து போவார். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, அசதியே இல்லாமல் விடியுமுன் தறிக்கூடத்தில் நின்றாரென்றால் அது மனவெழுச்சி. கடன் வாங்கியது அவர் குணத்தால் அல்ல, நோயின் வேகத்தால். சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோர்வில் இருப்பவரை அந்தப் பேச்சு கொன்றுவிடும்.

லித்தியம் 1949-லிருந்து இந்த நோய்க்குப் பயன்படுகிறது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்கு இணையான மருந்து அரிது. ஆனால் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் லித்தியம் பொதுவாக 0.6 முதல் 1.0 (mmol/L) வரை இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதனால் பரிசோதனை அன்று காலை மாத்திரையை, ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வெயில் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வியர்வையில் உப்பும் தண்ணீரும் போய்விட்டால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் எழுச்சி வேகமாகத் திரும்பும். தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர் தாராளமாகக் கொடுங்கள். பத்தியம் என்று உப்பைக் குறைக்காதீர்கள். தறியில் உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் வாங்கிப் போட்டால் லித்தியம் ஏறிவிடும், பாராசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரை தொடங்குவதானால் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

கை லேசாக நடுங்குவது பலருக்கும் உண்டு. டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் சிந்துகிற அளவு நடுக்கம், வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்றைக்கே அவரிடம் நேராகக் கேளுங்கள்: 'செத்துப் போகலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனபாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே கூட்டிப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையமும் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அப்படி எண்ணம் இல்லையென்றாலும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பழைய சீட்டையும், அவர் தினம் எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தார் என்று குறித்த நோட்டையும் கொண்டு போங்கள். அவர் தேறிய பிறகு இருவரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு பேசி வையுங்கள்: இரண்டு ராத்திரி தொடர்ந்து தூக்கம் குறைந்தால் டாக்டருக்குப் போன், ஏடிஎம் கார்டு உங்கள் கையில், புதுக் கடன் பத்திரத்தில் கையெழுத்து கிடையாது.